எண்பது வாட்

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு
எண்பது வாட் வெப்பம் தரும்,
அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றைப்போல.
தூங்கினால் குறையும்.
சண்டை போட்டால் ஏறும்.
போட்டார்கள்.
சமையலறை ஒன்றா இரண்டா என்று
மூன்று மாதம் போட்டார்கள்.

தென் எஸ்டோனியாவில் ஓர் ஊர் விளிம்பு.
நூற்பாலைக்காரர்கள் குடியிருந்த
சோவியத் காலத்துக் கான்கிரீட் பெட்டியை
பன்னிரண்டு முதியவர்கள் கூட்டாக வாங்கி
என்னைக் கூப்பிட்டார்கள், கணக்குப் போட.
கணக்குக்காரி என்றே பெயர் வைத்தார்கள்.
அவர்களில் இளையவள் வைகே, வயது அறுபத்தெட்டு.
சின்னப் பெண் என்பதால்
காப்பித் தட்டு எப்போதும் அவள் தலையில்.

சுவருக்கு வெளியே முப்பது சென்டிமீட்டர்
அரைத்த பழைய செய்தித்தாள்.
'நாற்பது வருஷத் தலையங்கம்
குளிருக்காவது ஆகட்டும்' என்றாள் லெய்தா.
ஆலையில் கணக்கர் வேலை பார்த்தவள்.
தெற்கே மூன்றடுக்குக் கண்ணாடி.
வடக்கே ஒரு கையளவு ஜன்னல் போதும் என்றேன்.
'கூட்ஸ் வண்டி வடக்கில்தான் போகும்'
என்றார் எந்தெல்.
எத்தனை வண்டி?
வாரத்துக்கு இரண்டு.
இரண்டு வண்டிக்காக
ஒரு சதுர மீட்டர் குளிரைக்
கணக்கில் ஏற்றிக்கொண்டேன்.

வாசலில் விசிறியை மாட்டி
வீட்டின் மூச்சை உறிஞ்சிய நாள்
திருவிழா போலிருந்தது.
ஆளுக்கொரு புகைக்குச்சி.
மண்டியிட முடியாத லெய்தா
நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து
புகை வளைகிற இடமெல்லாம்
சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள்.

கால்யுவின் அறையில் புகை
நேராகப் போய்ச் சுவருக்குள் நுழைந்தது.
பென்சில் பருமனில் ஓட்டை.
அதில் ஆன்டெனா கம்பி.
'நீங்களே துளைத்தீர்களா?'
'ஃபாரோ தீவில் ஒருவன்
ராத்திரி பதினொன்றுக்குக் காத்திருப்பான்' என்றார்,
அதுவே பதில் என்பதுபோல.
ரப்பர் உறை மாட்டினேன்.
அப்படியும் இலக்கைத் தாண்டியே நின்றது எண்.
நான் அந்த ஓட்டையையே முறைத்துக்கொண்டிருக்க
லெய்தா நாற்காலியிலிருந்தபடி கைநீட்டினாள்:
லிஃப்ட் குழியின் உச்சி.
ஓர் உள்ளங்கை அகலம் திறந்திருந்தது.
என் வரைபடத்தில் அந்த மூலையில்
நான் எதுவுமே வரைந்திருக்கவில்லை.

பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்துமூன்று.
கால்யு போய்விட்டார்,
விடியற்காலையில், யாருக்கும் தொந்தரவில்லாமல்
என்று சொல்ல ஆசை.
ஆம்புலன்ஸ் பனியில் சிக்கியது,
எந்தெல் மண்வாரியோடு ஓடி
இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மாதக் கூட்டத்தில்
மின் கணக்கை வாசித்து முடித்து
மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தாள் லெய்தா.
'பன்னிரண்டு பெருக்கல் எண்பது
என்று இன்னும் இருக்கிறதே.'
பத்து சதவீதம் முன்பின் ஆகலாம், என்றேன்,
ஒரு காற்று வீச்சில் காணாமல் போகிற அளவுதான்.
'அது உன் கணக்கில்.
எங்கள் கணக்கில் வட்டமாக்குவது கிடையாது.'

அழித்தேன். பதினொன்று என்று எழுதினேன்.
யாரும் எதுவும் பேசவில்லை.
சாத்திய வீட்டில்
காற்றோட்டக் குழாயின் சத்தம் மட்டும்
கேட்டது, முதன்முறையாக.

கம்பியை உருவி ஓட்டையை அடைக்க
நுரைக்குப்பியோடு மாடியேறினேன்.
கதவு திறந்திருந்தது. மணி பதினொன்று ஆகப் போகிறது.
வைகே ரேடியோ முன்னால்
காப்பித் தட்டோடு நின்றிருந்தாள்.
எந்தப் பொத்தானை அழுத்திப் பேசுவது என்று
அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.
தூரத்தில் ஒரு குரல்
கால்யுவின் எண்ணைச் சொல்லிச் சொல்லி
நிறுத்தி, மறுபடி சொன்னது.

குப்பியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.
உபகரண வெப்பம் என்ற பத்தியில்
புதிதாக ஒரு வரி சேர்த்தேன்:
ரேடியோ, இருபத்தாறு வாட்,
இரவு முப்பது நிமிடம்.

லெய்தா விரலை வைத்துப் பார்த்தாள்.
'தப்பு. நேற்று
நாற்பத்தைந்து நிமிடம்.'